அடைக்காத மூச்சு

கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தத்தோடு ராயபுரத்து வெயில், ஆஸ்பத்திரி டெஸ்ட் அறை ஜன்னல் வழியே செல்வநாதனின் மடியில் வந்து விழுகிறது. மூக்கை கிளிப் கவ்வியிருக்கிறது. வாயிலிருக்கும் குழாயில், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை அடைக்கும் மருந்துப் புகை வருகிறது. கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, ஊதச் சொல்லி, திரையைப் பார்க்கிறாள் டெக்னீஷியன் பெண். அவன் மூச்சின் கோடு இறங்கவே இல்லை. அடைத்தால் கொடுக்க மாற்று மருந்து தட்டில் இருக்கிறது. முதுகைத் தடவிவிட மனைவி ரேச்சலின் கை காத்திருக்கிறது. "நேத்துலேருந்து இன்ஹேலர் எதுவும் இழுக்கலையே அண்ணே? இழுத்திருந்தா டெஸ்ட் தப்பா காட்டும்." இல்லையென்று தலையாட்டுகிறான். கோயிலுக்குக் கிளம்புமுன் சட்டையை இஸ்திரி போடுவதுபோல, நாலு பேர் எதிரில் மூச்சிளைக்கக் கூடாதென்று, காலையில் இரண்டு தடவை இழுத்துவிட்டுத்தான் வந்தான். "அப்போ ஆஸ்துமா இருக்கிற மாதிரி தெரியல" என்கிறாள் அவள். ரேச்சல் சிலுவை போட்டுக்கொள்கிறாள். "மாதா காப்பாத்திட்டாய்யா. வெறும் சளிதான் போல கீது. இனிமே இளைப்புன்னு சொல்லி கரி யார்டு வேலைக்கு உன்ன எவன் வேணான்றான்னு பாத்துடலாம்." கலங்கிய அவள் கண்களைப் பார்க்க முடியாமல் அவன் வேண்டுமென்றே இருமிப் பார்க்கிறான். இரண்டாவது இருமல் வரவில்லை. பேண்ட் பையில் புடைத்திருக்கும் இன்ஹேலரை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறான். மூச்சு மட்டும், கொஞ்சமும் வெட்கமில்லாமல், சீராக வந்து போகிறது.