கட்பீஸ் மூலை

மேஸ்திரி கடைசித் துண்டு டைலை ரப்பர் சுத்தியால் தட்டி உட்காரவைத்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா வாசலில் வந்து நின்று, எல்லாவற்றையும் பேர்த்து எடுக்கச் சொன்னார்.

மத்தியானத்திலிருந்து முட்டி போட்டே நகர்ந்த மனிதர். எழுந்து நிற்க ஒரு கை சுவருக்கும் ஒரு கை இடுப்புக்கும் வேண்டியிருந்தது.

காலையிலேயே அந்த அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். இந்தப் பின்னறையில் முழு டைல்ஸை எதிர்ச்சுவர் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள், வெட்டி ஒட்டவேண்டிய கட்பீஸையெல்லாம் வாசல் பக்கம் தள்ளிவிடுங்கள் என்று. மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு, ஊர் உலகத்தில் எல்லோரும் ஒட்டுவதுபோல வாசலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். பாவம், தெரியாமல் சொல்கிறார், முடிந்ததும் பார்த்தால் தானே புரிந்துகொள்வார் என்று நினைத்தார்.

உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது முழு டைலாக இருக்க வேண்டும். கட்பீஸ் யாரும் பார்க்காத மூலைக்குப் போக வேண்டும். இருபது வருஷத்தில் அவர் ஒட்டிய எந்த வாசலிலும் ஒரு துண்டைக் காட்ட முடியாது. ஓடியாடி அவர் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

வேலையாட்கள் அந்த அம்மாவுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீடு எழும்பிய இந்த ஒன்பது மாதத்தில் ஒருவரையும் அவர் நிம்மதியாக வேலை செய்ய விட்டதில்லை.

இதே அறைக்குத் தச்சரிடம் யானை நுழைகிற அகலத்தில் கதவு கேட்டார். எலக்ட்ரீசியனிடம் சுவிட்ச்போர்டை முட்டி உயரத்தில் வைக்கச் சொன்னார். ஜன்னலோ, தவழுகிற குழந்தைகூட எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தாழ்வு. எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சிரித்துவிட்டு, கேட்டதைச் செய்துகொடுத்துவிட்டுப் போனார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டைல்ஸ் எடுக்கப் போனபோது மேஸ்திரியும் கூடப் போனார். நான்கு கடை ஏறி இறங்கினார்கள். பளபளப்பு வேண்டாம், பூ வேண்டாம், கட்டம் வேண்டாம். ஒவ்வொன்றையும் தரையில் வைத்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார் அந்த அம்மா. கடைக்காரர் கொட்டாவியை மறைப்பதைக்கூட விட்டுவிட்டார்.

கடைசியில் பிடித்தது வெளிர்பச்சையில் கோடுகள் நெளிந்து ஓடுகிற ஒன்று. ஒரு டைலில் இருக்கும் கோடு இன்னொன்றில் இருக்காது. இதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார். வேலை வெட்டி இல்லாதவர்தான் தரையை நாள் முழுக்கப் பார்ப்பார் என்று மேஸ்திரி மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

இப்போது பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்துச் சொன்னார். ஐந்து வரிசையும் பேர்ந்து வரவேண்டும், கலவை இறுகவில்லை என்றாலும் நாலைந்து உடையும், வாசலில் துண்டு டைலைப் பார்க்கிறவர்கள் தன் பெயரைத்தான் நாறடிப்பார்கள். அந்த அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. அவர் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

"சார் ஒரு தடவை வந்து பாக்கட்டும்மா. அவர் சொன்னா பேத்துடறேன்" என்றார் மேஸ்திரி.

வீட்டுக்கார சார் இந்த ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. தப்பித்துக்கொள்ளத் தெரிந்த மனிதர் என்று மேஸ்திரிக்கு அவர்மேல் ஒரு மரியாதையே உண்டு.

அந்த அம்மா வாக்குவாதம் செய்யவில்லை. ஈர டைல்ஸ் மேல் கால் படாமலிருக்க சுவரோரமாகப் போட்டிருந்த பலகையைக் காட்டி, அதில் ஒரு நிமிஷம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்.

மறுத்துப் பேசவும் தெம்பில்லாமல் மேஸ்திரி படுத்தார். அவரைக் கேட்காமலே உடம்பு ஒரு பெருமூச்சு விட்டது.

கண்ணுக்கு நேரே அந்த மூலை.

சுவர் கோணலாக இருந்ததால் நான்கு விரல் அகலத்தில் ஆரம்பித்த கட்பீஸ் வரிசை இரண்டு விரலாக ஒடுங்கிக்கொண்டு போனது. நின்று பார்த்தபோது இவ்வளவு தெரியவில்லை. நெளிந்து வந்த கோடெல்லாம் அங்கே போய் அறுந்து நின்றது. பார்வையை எங்கே கொண்டுபோனாலும் திரும்பவும் அங்கேயே வந்து விழுந்தது.

தலைக்கு மேலே கையை நீட்டினார். சுவிட்ச்போர்டு விரலில் தட்டியது. தாழ்ந்த ஜன்னலில் பின்தெரு முழுசாகத் தெரிந்தது. ஒரு சைக்கிள் இரண்டு சக்கரத்தோடும் போயிற்று.

"அவர் இப்படித்தான் பாப்பார், மேஸ்திரி. இனிமே எப்பவும்."

மேஸ்திரி உடனே எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார். மூடினாலும் அந்த மூலை போகவில்லை. தன்மேல் அவருக்கு அப்படியொரு வெறுப்பு வந்தது.

பிறகு எழுந்து கடப்பாரையை எடுத்தார். முதல் டைலை நெம்பிவிட்டு, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"கட்டில் எவ்வளவு உயரம்மா?"

அந்த அம்மா தரையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். காட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

எல்லா டைல்ஸையும் பேர்த்து எடுத்த பிறகு, மேஸ்திரி டைல்ஸ் பெட்டிகளை அந்த உயரத்துக்கு அடுக்கி, மேலே பலகையைப் போட்டு, மறுபடி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். அவர் படுத்தபடியே சொல்லச் சொல்ல, அந்த அம்மா டைல்ஸை மாற்றி மாற்றி வைத்துக் கோட்டோடு கோடு சேர்த்தார்.

மறுநாள் பல்பு மாட்ட வந்த எலக்ட்ரீசியன் வாசலிலேயே நின்றுவிட்டார். நிலைக்கு அடியில் நீளத்துக்குத் துண்டு டைல்ஸ். இது எந்தக் கத்துக்குட்டி ஒட்டியது என்று கேட்டுச் சிரித்தார்.

நான்தான் என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி அவருக்குப் பலகையைக் காட்டினார்.