பேர் போடாத சீட்டு

"பேரும் வீட்டு நம்பரும் எழுதணும்மா," என்றார் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த டீச்சர்.

"கேள்வி எழுதித் தர்றேன். பேர் எதுக்கு?"

"வீட்ல முயல் இருக்கா, அதையாவது சொல்லுங்க."

"ஆறு இருக்கு," என்றாள் அவள்.

முயல் வளர்ப்போர் சங்கத்தின் கோடைக் கூட்டத்துக்கு அந்தத் தகுதி தாராளம். டீச்சர் வழிவிட்டார். நான்காக மடித்த சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் ஒரு பருத்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

எட்டே வரி. அதை எழுத அவளுக்கு மூன்று கோடை ஆகியிருந்தது. வாயால் கேட்டபோதெல்லாம் 'பழகிடும்' என்ற ஒரு சொல்லோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடும். இன்று பதில் வாங்காமல் கூட்டத்தை விட்டு எழுந்திருப்பதில்லை என்று பஸ்ஸிலேயே தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

மேடையில் முயலண்ணன் பேசிக்கொண்டிருந்தார். யார் வீட்டு முயல் சுருண்டு படுத்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றித் தூக்கிக் காட்டினார்.

"இத கூண்டுல ஒரு ஓரமா வைங்க. அது தானா வந்து ஒட்டிப் படுத்துக்கும். கீழ ஒரு ஓடு போட்டு வைங்க, வயிறு குளிரும். காதை ஈரக் கையால தடவிக் குடுங்க. உடம்புச் சூடு வெளிய போற வாசல் அதுதான். அவசரப்பட்டு ஐஸ் தண்ணிய மேல ஊத்திடாதீங்க, அதிர்ச்சியிலயே போயிடும்."

"கரண்ட் போயிடுச்சுன்னா?"

"கை இருக்கில்ல? உக்காந்து விசிறுங்க. போன வெயில்ல ரெண்டு மணி நேரம் நான் விசிறியிருக்கேன்."

கூடம் கைதட்டியது. அவள் தட்டவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இரக்கமே தெரியாத மனிதரிடம் யாரும் எட்டு வரி எழுதிக்கொண்டு வர மாட்டார்கள்.

டீச்சர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். நான்காவது அவளுடையது.

"'ஒரு முயலைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. இரண்டடி தள்ளி அடுப்பு எரிகிறது. விடிந்ததிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அங்கேதான். வேர்த்துக் கொட்டுகிறது. இந்த வெயிலில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டது. ஃபேன் மாட்ட வேண்டுமா? இல்லை, பழகிவிடுமா?'"

"அடுப்புக்குப் பக்கத்துலயா? அப்ப சமைக்கத்தான் வெச்சிருக்கான்," என்றார் பருத்த மனிதர். நாலு வரிசைக்குச் சிரிப்பு ஓடியது.

முயலண்ணனும் சிரித்துவிட்டார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். முயலுக்கு வேர்க்காது. எழுதினவங்க முயலைச் சரியா பார்த்ததே இல்ல போலிருக்கு!"

இன்னும் பெரிய சிரிப்பு. அவளுக்குக் காதோரம் சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இவ்வளவு தூரம் வந்தது சிரிப்பைக் கேட்கவா என்று தன்னையே அதட்டிக்கொண்டு, செருப்பைத் தரையோடு அழுத்தி உட்கார்ந்தாள்.

சிரிப்பு அடங்கியபோது முயலண்ணனின் முகம் மாறியிருந்தது.

"டீச்சர், கடைசி ரெண்டு வரிய இன்னொரு தடவ படிங்க."

"'ஃபேன் மாட்ட வேண்டுமா? இல்லை, பழகிவிடுமா?'"

"பழகறதாவது!" அவர் மேஜையில் அடித்த அடியில் பாட்டில் உருண்டது. "ரெண்டு தடவ விழுந்திருக்கு. மூணாவது தடவ விழுந்தா எந்திரிக்காது. இத பார்த்துக்கிட்டே அந்த வீட்ல ஒருத்தன் வயிறு முட்டத் தின்னுட்டு, ஃபேனுக்கு அடியில காலை நீட்டித் தூங்கறான்னா, அவன் மனுஷனா?"

"இல்ல!" என்றது கூடம்.

அவளும் சொன்னாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவள் குரல் ஒரு நொடி தனியாகக் கேட்டது.

"யாருங்க எழுதினது? எந்திரிங்க. உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த ஆளோட அட்ரஸ் மட்டும் குடுங்க. இன்னிக்கே நானே போய் ஃபேன் மாட்டிட்டு, அவன நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன். இங்க இருக்கிற இத்தன பேரும் சாட்சி."

அவள் எழுந்தாள். பருத்த மனிதரின் முதுகு மறைக்காதபடி வரிசையை விட்டு வெளியே வந்து, நடைவழியின் நடுவில் நின்றாள். நாற்பது தலைகள் திரும்பின.

முயலண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு கையில் மைக் இருப்பதே மறந்துபோய், வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

"நீயா? நீ எங்கடி இங்க? மத்தியானச் சமையல் யாரு பண்றது?"

கூடம் முழுக்க அது கேட்டது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சாவகாசமாக முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"முயல்னு எழுதினாத்தானே நீங்க பதில் சொல்வீங்க."