ஒரு படமும் தொலையவில்லை

"உங்க கேமராவுல பிள்ளைங்க நடக்கலம்மா, தவளை மாதிரி தாவுதுங்க."

திரைகளின் முன்னால் உட்கார்ந்திருந்த காவலாளி காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கிடங்கின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் அவள். தாவும் பிள்ளைகளில் ஒருத்தி அவளுடைய மூன்று வயது மகள். கட்டடத்தின் மறுகோடியில், ஊழியர்களின் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தாள்.

காரணம் பிடிபட்டுவிட்டது. கேமராவிலிருந்து வரும் படங்களைச் சர்வரின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, சற்றுநேரம் பிடித்துவைக்கும் பஃபர் போதவில்லை. அது நிரம்பியதும் மிச்சம் வழிந்து வீணானது.

குடம் வழிந்தால் அண்டாவை வை. அவள் பஃபரின் உச்சவரம்பை உயர்த்தினாள். போதுமா என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் அவளுடன் கூடப்பிறந்தது. இன்னொரு பூஜ்யம் சேர்த்தாள்.

தொலைந்த படங்களின் எண்ணிக்கை ஏறுவது நின்றது.

திரையில் மகள் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காப்பக அக்கா. எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது காட்சி.

"இப்பதான் மனுஷப் பிள்ளைங்க," என்றார் காவலாளி.

மகளைப் பார்த்தபடியே மதியச் சாப்பாட்டை முடித்தாள்.

கதவு படாரென்று திறந்தது. காப்பக அக்கா மூச்சிரைக்க நின்றார்.

"பாப்பா உங்ககிட்ட வந்தாளா?"

"இதோ இருக்காளேக்கா, உங்க பக்கத்துலயே..."

திரையைத் தொட்ட விரல் அப்படியே நின்றது.

திரையில் காப்பக அக்கா உட்கார்ந்திருந்தார். வாசலிலும் நின்றார்.

அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. மந்தமாக இருந்தது படத்தைக் காட்டும் மென்பொருள். அதை அவள் தொடவே இல்லை, அண்டாவைத்தான் பெரிதாக்கியிருந்தாள். வந்த படங்களெல்லாம் பத்திரமாக வரிசையில் நின்றன. வரிசை நீண்டுகொண்டே போயிருந்தது; திரைக்கு வந்துகொண்டிருந்தது பல நிமிடங்களுக்கு முந்தைய படம். திரையின் மூலையில் ஓடிய கடிகாரம் மட்டும் இந்த நிமிடத்தைக் காட்டியது.

திரையில் வேறொரு குழந்தை அழுதது. காப்பக அக்கா அதைத் தூக்கத் திரும்பினார். மகள் எழுந்தாள். சாத்தாத கதவை நோக்கி நடந்தாள்.

"போகாதடி!" என்று கத்தினாள், நடந்து முடிந்துவிட்ட ஒன்றைப் பார்த்து.

அந்த வாசலில் வலப்பக்கம் திரும்பினால் அம்மாவின் அறை. இடப்பக்கம், லாரிகள் பின்னோக்கி வரும் முற்றம்.

மகள் வாசலில் நின்றாள். கட்டைவிரலை வாயில் வைத்து யோசித்தாள்.

பிறகு, மிகத் தெளிவாக, இடப்பக்கம் திரும்பினாள்.