இன்னாசியின் பக்கத்தில் நின்றவள்

கல்லூரி மாணவர் சங்கத்தின் பழைய படங்களையும் காகிதங்களையும் சேர்த்துப் பத்திரப்படுத்தும் பொறுப்பு செயலாளர் வேதநாயகத்துடையது. எல்லார் வீட்டுக்கும் போய் வந்தவன், டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருந்த இன்னாசியின் வீட்டை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். இன்னாசி காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

இன்னாசியின் தாய் மார்த்தா, மகனின் பெட்டியையே தூக்கிக் கொடுத்தார். ஒரு படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். கோட்டுப் போட்ட இன்னாசியின் பக்கத்தில் பட்டுச்சேலையில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"அதுவும் சங்கத்துப் படம்தான்மா."

"இதுல என்ன தம்பி சங்கம்? இவ எனக்கு மருமகளா வரவேண்டியவ. எங்கிட்ட சொல்லப் பயந்துட்டான் போல. ஞாயித்துக்கிழமை பூசையில ஒவ்வொரு பொண்ணு முகமா பாக்குறேன், காணோம். நீ அவன் கூட்டாளி, உனக்குத் தெரியும்தானே?"

வேதநாயகம் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "தெரியும்மா."

"கல்யாணம் ஆயிருந்தாலும் பரவால்ல. கல்லறைத் திருநாளுக்கு வந்து அவனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தச் சொல்லு. அது போதும்."

படத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தான்.

கல்லறைத் திருநாளன்று கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்று, பிறகு இன்னாசியின் கல்லறைக்கு வந்து மெழுகுவர்த்தியை ஏற்றினான்.

"மன்னிச்சுக்கடா இன்னாசி. சங்கத்து நாடகத்துல நடிக்கிறதை நீ அம்மாகிட்ட மறைச்சே. உனக்கு ஜோடியா சேலை கட்டி நின்னவன் நான்தான்னு சொல்ல எனக்கும் தைரியம் வரலடா."