முப்பதாம் நாள் சோறு

குடித்துவிட்டு லாரி ஓட்டி ஒருவரைக் கொன்ற மாடசாமியின் கூலியில் பாதி, இழப்பீடாகப் போனது. குறைக்கச் சொல்லி மனுப் போட்டான். வறுமை உண்மைதானா என்று பார்க்க, முப்பது நாளைக்கு அவன் அடுப்படியில் தானே பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒரு கேமராவை நீதிமன்றம் பொருத்தியது.

இருபத்தொன்பது நாளும் கஞ்சிதான். கடைசி நாள், செத்தவரின் மனைவி எஸ்தர் வந்தாள்.

"மனுவ வாபஸ் வாங்கிருங்க. எம்புள்ளைகளுக்கு அந்தக் காசுதான் சோறு."

பேசும்போதே பசி மயக்கத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாடசாமியின் மனைவி சுடலி, பக்கத்து வீட்டில் அரிசியும் முட்டையும் கடன் வாங்கி வந்து சமைத்தாள்.

"மொதல்ல சாப்பிடுங்கக்கா."

எஸ்தர் இரண்டாம் கவளம் எடுக்கையில் கேமரா பேசியது.

"வீட்டில் முட்டை. மனு தள்ளுபடி."

"அய்யோ, அது எனக்கு வச்ச சோறுய்யா!"

எச்சில் கையோடு எழுந்து எஸ்தர் கத்தினாள். கேமரா அணைந்திருந்தது.