கல்வெட்டில் பிழைகள்

“சப்பாத்தைப் பிறகு கழட்டலாம். முதல்ல இதை வாசியுங்கோ!”

கடல் கடந்து குடியேறிய ஒனிஹங்காவில், வேலை முடிந்து வீட்டு வாசலில் கால் வைத்த தியாகலிங்கத்தின் கையில் மனைவி ரதிதேவி ஒரு கட்டுத் தாளைத் திணித்தாள்.

பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. போன வருடம், சண்டையில் பாதை பூட்டிய வன்னியில் அவளுடைய அப்பா இரத்தினசிங்கத்தார் காலமான செய்தி கொழும்பு வழியாக வந்தபோது, முப்பத்தோராம் நாளுக்கு இவர்கள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகம். அவருடைய வாழ்க்கை வரலாறும் அவர் மேல் பாடிய பாட்டும் அதில் இருந்தன. இப்போது கம்பி கழன்று ஒற்றை ஒற்றையாகக் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் வெட்டும் திருத்தமும்.

“ஆர் அனுப்பினது?”

“பேரில்லை. கொழும்பு முத்திரை. வன்னிப் பக்கம் குடுத்துவிட்ட புத்தகங்களில ஒண்டு போல. எழுத்து ஆரோ சின்னப்பிள்ளையின்ர. ஆனா சொல்லிச் சொல்லி எழுதுவிச்ச ஆளுக்கு அப்பாவை நல்லாத் தெரிஞ்சிருக்கு. வாசியுங்கோவன்!”

அவர் சப்பாத்தோடேயே படியில் உட்கார்ந்து வாசித்தார்.

“‘பக்கம் மூன்று. ரயில்வே கார்டாக முப்பது வருடம் என்பது பிழை. முப்பத்தி நாலு வருடமும் இரண்டு மாதமும்.’”

“பாத்தீங்களே! எனக்கே தெரியாது!” ரதிதேவி கை தட்டினாள்.

“‘யாரையும் கடிந்து பேசாதவர் என்பது பச்சைப் பொய். டிக்கெட் இல்லாமல் ஏறிய சொந்த மச்சானையே அநுராதபுரத்தில் இறக்கிவிட்டவர்.’”

“ஐயோ, சுந்தரம் மாமாவை! ஓம் ஓம்! மாமா அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் வீட்டுப் பக்கம் வரேல்லை!”

பள்ளிக்கூட உடுப்போடு ஓடிவந்த மகள் கம்சாயினியும் அப்பாவின் தோளில் தொங்கினாள். அம்மப்பாவை அவள் கண்டதே இல்லை.

“‘பொன்னிற மேனியர் என்று பாட்டில் உள்ளது. ஆள் நல்ல கறுப்பு.’”

பக்கத்து ஊரான ஒடாஹுஹுவிலுள்ள கவிஞர் ஒருவரைக் கெஞ்சி எழுதுவித்த பாட்டு அது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“வாஸ் அம்மப்பா ரியலி லைக் தட்?” என்றாள் கம்சாயினி.

“இதைவிட மோசம்!” என்று கண்ணைத் துடைத்த ரதிதேவி திடீரென்று அடங்கினாள். “அடுத்தது ஏழாம் பக்கம். நான் இன்னும் பாக்கேல்லை. பயமாக் கிடக்கு.”

ஏழாம் பக்கத்தில் பிள்ளைகள், மருமக்கள் பெயர். பதினேழு வருடத்துக்கு முன்பு வீட்டுக்குச் சொல்லாமல் தியாகலிங்கத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு புறப்பட்டவள் அவள். எழுதிய கடிதம் ஒன்றுக்காவது அப்பா பதில் போட்டதில்லை. அதனால் மூத்தவளான தன் பெயரைக் கடைசியில் போட்டாள். புருஷன் பெயரைப் போடவே இல்லை. செத்த பிறகாவது அப்பாவுக்குக் கோபம் வரக்கூடாதாம். தியாகலிங்கத்துக்கு அது வலித்தது.

“‘மூத்த மகளின் பெயர் கடைசியில் இருப்பது பிழை. முதலில் வர வேண்டும்.’” அவருடைய குரல் இறங்கியது. “‘மருமகன் தியாகலிங்கத்தின் பெயர் விடுபட்டுள்ளது. உடனே சேர்க்கவும். தகப்பனின் கோபமெல்லாம் பேத்தி பிறந்த செய்தியோடு போய்விட்டது. பதில் எழுதாதது வெறும் வறட்டுக் கௌரவம்.’”

ரதிதேவி அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. இரண்டும்தான்.

“அப்பா எங்களை மன்னிச்சிட்டார்! கேட்டீங்களே, உங்கட பேரையும் போடட்டாம்!”

தியாகலிங்கம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரதி, அவற்ற மனசில என்ன இருந்ததெண்டு இந்த ஆளுக்கு எப்பிடித் தெரியும்? எங்களைத் தேத்துறதுக்கு எழுதியிருக்கலாம்.”

அவள் முகம் விழுந்துவிட்டது. ஒரு நிமிடந்தான். “அப்ப ஆரெண்டு கண்டுபிடிப்பம். எங்க இருந்தாலும் இண்டைக்கே தேடிப் பிடிச்சுக் கேக்கிறன்!” உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். கம்சாயினி அதை வாங்கி உள்ளே விரல் விட்டுத் துழாவினாள்.

“அம்மா, ஒன் மோர் பேஜ்!”

புத்தகத்தின் முன்னட்டை. அப்பாவின் படம். கீழே பிறந்த திகதிக்குப் பக்கத்தில் ‘சரி’ என்று இருந்தது. அதற்கும் கீழே, இறந்த திகதியை இரண்டு கோடு போட்டு வெட்டியிருந்தது. வெட்டின இடத்தில் எழுதியிருந்ததை ரதிதேவி வாய்விட்டு வாசித்தாள்:

“‘பிழை. சரியான திகதி எனக்கே இன்னும் தெரியாது, பிள்ளை.’”