முக்கு தாண்டாத வண்டி

"யோவ், இன்னிக்காவது இந்தச் சனியனத் தலமுழுகிடணும்," என்று திட்டிக்கொண்டேதான் சந்திரகலா மொபெட்டின் முன்விளக்கில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டாள். விற்கிற வண்டியானாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான். கிண்ணத்தை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கருவடிக்குப்பத்திலிருந்து தினமும் விடியற்காலையில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு, விற்க மீன் எடுக்க ஓட்டிப்போவது புருஷன் தணிகாசலம். இப்போது மகள் இனியா அம்மாவுக்குக் கரண்ட் ஸ்கூட்டர் வாங்கித் தந்து, ஓட்டவும் பழக்கிவிட்டாள்.

"நாளையிலேருந்து நானே போயிக்கிறேன். நீ இழுத்துப் போத்திக்கினு தூங்கு," என்றாள் சந்திரகலா, வெளியே வந்து.

"அதான் எனக்கும் நிம்மதி." தணிகாசலம் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

வண்டி வாங்க வில்லியனூரிலிருந்து ஆள் வந்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. தெருமுக்கு வரை போய் விக்கி விக்கி நின்றது. தள்ளிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் விட்டு உதைத்தார். கிளம்பியது. அதே முக்கில் நின்றது.

"ஏங்க, முக்குப் பிள்ளையாருக்கு ஏதாவது வேண்டுதலா?"

"தங்கமான வண்டிங்க. இப்படி ஒரு நாளும் நின்னதில்ல," என்றான் தணிகாசலம், ரொம்பப் பாவமாக.

எதிர்வீட்டு மெக்கானிக் சிலம்பரசனைச் சந்திரகலா கூவி அழைத்தாள். அவன் வண்டியைக் குலுக்கினான். டேங்கில் பெட்ரோல் சளசளத்தது. பிளக்கைத் துடைத்து மாட்டினான். மறுபடியும் முக்கு, மறுபடியும் தள்ளல். வந்தவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"நான் வேற வண்டி பாத்துக்கறேன்," என்று நடையைக் கட்டினார்.

சிலம்பரசன் விடவில்லை. கார்புரேட்டருக்குப் போகிற டியூபைக் கழற்றினான். பெட்ரோல் கொஞ்சம் வந்தது, சொட்டானது, நின்றுபோனது. யோசித்தபடி டேங்க் மூடியைத் திறந்தான். 'புஸ்'ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

மூடியில் இருந்த சின்ன ஓட்டையைச் சந்தனம் கெட்டியாக அடைத்திருந்தது.

"அக்கா, பொட்டு வைக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா? இந்த ஓட்ட வழியா காத்து போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும்! அந்த ஆளு பஸ் ஸ்டாப்புலதான் நிப்பாரு. ஓடிப்போயி கூப்புடட்டா?"

சந்திரகலா மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறும் சந்தனம். மேலே குங்குமம் இல்லை.

நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் அதுவரை பார்த்தே இராததுபோல எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூப்புடாதடா," என்றாள் சிலம்பரசனிடம். மூடியைக் கொண்டுபோய்த் தணிகாசலம் கையில் வைத்தாள்.

"விடியக்கால வண்டிய எடு. இப்பப் போயி அந்த வெரலக் கழுவு."